தொண்ணூறும் பத்தும்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் உள்ள ஓர் இடைநிலைப்பள்ளியில் 24 ஆண்டுகளாகப் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான படிவம் 6 மாணவர்களுக்குக் கணக்கியல் கற்பித்து வருகிறேன். அவர்கள் எழுதும் எஸ்.டி.பி.எம். என்ற அரசாங்கத் தேர்வின் முடிவு வெளியாகும் நாளில் செம்பனைத் தோட்டங்களிலிருந்து பெற்றோர் பலர் அன்றைய சம்பளத்தை விட்டுவிட்டுப் பள்ளி வாசலில் வந்து நிற்பார்கள். "டீச்சர், மலாயாப் பல்கலைக்கழகம் கிடைச்சிருமா?" என்பதுதான் அவர்களுடைய ஒரே கேள்வி. சி.ஜி.பி.ஏ. என்ற சராசரித் தரப்புள்ளியில் உச்சமான 4.00 எடுத்த பிள்ளையின் பெற்றோரிடம் "கட்டாயம் கிடைக்கும்" என்று பல ஆண்டுகள் நான் தயங்காமல் சொல்லி வந்தேன். ஒரு மாணவிக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அவளுடைய வீடு பட்டணத்திலிருந்து வெகு தூரம் உள்ளே, தோட்டத்து லயத்தில் இருந்தது. பொதுப்பாடம் உட்பட நான்கு பாடங்களிலும் ஏ பெற்று, 4.00 எடுத்தாள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் கணக்கியல் துறையை முதல் விருப்பமாகக் குறித்திருந்தாள். கிடைத்தது நான்காவது விருப்பம். அதே ஆண்டில் 3.92 எடுத்த பட்டணத்து மாணவி ஒருத்திக்கு, அவள் விரும்பிய அந்தத் துறையிலேயே இடம் கிடைத்தது. இருவரும் என் வகுப்புப் பிள்ளைகள். இருவருக்காகவும் மகிழ்ந்திருக்க வேண்டிய நான், அன்று இரவு தாளும் பேனாவுமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் மெரிட் என்ற தகுதிப் புள்ளி 100-க்குக் கணக்கிடப்படுகிறது. கல்வித் தேர்ச்சிக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. சி.ஜி.பி.ஏ. 4.00 என்றால் முழு 90 புள்ளி; ஒரு பாடத்தில் மட்டும் ஏ மைனஸ் வந்து 3.92 ஆனால் 88.2. மூன்று பருவத் தேர்வுகளுக்கும் கண்விழித்துப் படித்துக் காத்த அந்த ஏ-யின் மதிப்பு, மெரிட் கணக்கில் 1.8 புள்ளிதான். புறப்பாடத்தில் அவளுக்கு இருந்தது 5.5, மற்றவளுக்கு 9. ஆகவே 4.00 எடுத்தவள் 95.5 புள்ளியில் நிற்க, 3.92 எடுத்தவள் 97.2 புள்ளியோடு முன்னே போய்விட்டாள்.

2002-இல் இன ஒதுக்கீட்டுக்குப் பதிலாக மெரிட் முறை அறிவிக்கப்பட்டபோது, இனி நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு வழி திறந்துவிட்டது என்று ஆசிரியர் அறையில் நாங்கள் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. படிவம் 6-க்கு மாற்றாக அரசாங்கம் நடத்தும் மெட்ரிகுலேஷன் புகுமுக வகுப்பில் பெறும் 4.00-ஐயும் எஸ்.டி.பி.எம். தேர்வில் பெறும் 4.00-ஐயும் ஒரே தராசில் நிறுக்கலாமா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அதில் எனக்கும் அழுத்தமான கருத்து உண்டு. ஆனால் அது என் கையில் இல்லை. அந்தப் பத்துப் புள்ளியில் ஒரு பகுதி என் கையிலேயே இருந்தது.

சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு ஆகியவற்றில் வருகை, வகித்த பொறுப்பு, எந்த நிலை வரை பங்கெடுத்தார்கள் என்பவற்றைக் கொண்டுதான் அந்தப் புள்ளி அமைகிறது. கூட்டமும் பயிற்சியும் புதன்கிழமை பிற்பகலில் நடக்கும். தோட்டத்துக்குப் போகும் வேனோ பள்ளி முடிந்த கையோடு கிளம்பிவிடும்; அதை விட்டால் அவளுக்கு வேறு வண்டியில்லை. அதனால் வருகைப் பதிவில் அவள் பெயருக்கு நேரே வெற்றிடங்கள் விழுந்தன. தமிழ்மொழிக் கழகத்தின் பொறுப்பாசிரியராக இருந்த நான், தலைவர், செயலாளர், பொருளாளர் பொறுப்புகளை மாலையில் தங்கக்கூடிய பட்டணத்துப் பிள்ளைகளுக்கே கொடுத்தேன். வேலை தடையில்லாமல் நடக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணம் எனக்கு இருக்கவில்லை. கழகத்தின் வரவு செலவுக் கணக்கை உண்மையில் எழுதித் தந்தவள் அவள்தான். பொருளாளர் என்று பதிவேட்டில் இருந்தது வேறொரு பெயர்.

அவளுடைய தந்தையிடம் இதை நானே போய்ச் சொன்னேன். செம்பனைக் குலை வெட்டிக் காய்த்துப்போன கைகளை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "வேன்காரர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நின்னிருப்பாரே டீச்சர்" என்றார். அந்த ஒரு வார்த்தை எனக்குத் தோன்றவேயில்லை. அவள் வடக்கே வேறொரு பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்து முடித்துவிட்டாள். அந்தப் படிப்பில் குறையில்லை. அவள் உழைத்துத் தேடிய முதல் விருப்பத்தை இழக்க நான் ஒரு காரணமாக இருந்தேன் என்பதுதான் என் வருத்தம்.

இப்போது படிவம் 6-இன் முதல் வாரத்திலேயே 90, 10 என்ற இரு எண்களையும் பலகையில் எழுதி, மேலே போட்ட கணக்கை மாணவர்களையே போட வைக்கிறேன். கழகக் கூட்டத்தை ஓய்வு நேரத்துக்கு மாற்றிக்கொண்டோம். பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முன், யார் யார் எந்த வேனில் வருகிறார்கள், அது எத்தனை மணிக்குப் புறப்படுகிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். வேன்காரர்களின் கைப்பேசி எண்கள் என் வருகைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கின்றன.