தையல்கார அக்காவோடு ஒரு ஃபேஷன் வீக்

கோலாலம்பூர் ஃபேஷன் வீக் பார்க்கப் போகிறீர்களா? தையல் தெரிந்த ஒருவரை எப்படியாவது கூட அழைத்துப் போங்கள். பேராக்கில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து எப்படிப் போவது என்று தோழிகள் கேட்டிருந்தார்கள். எழுதுகிறேன். அதற்கு முன்னால் அந்த பஸ்ஸைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

வார இறுதிக்கு இடிஎஸ் ரயிலில் ஒரு டிக்கெட்கூட இல்லை. சரி என்று நானும் எங்கள் ஊர் தையல்கார அக்காவும் ஈப்போ அமான்ஜெயா பஸ் நிலையம் போய் எக்ஸ்பிரஸ் பஸ் பிடித்தோம். ஏர்கோன் தண்ணீர் அக்காவின் தோளில் சொட்டிக்கொண்டே வந்தது. டிரைவரிடம் சொன்னால் "வேறு சீட்டில் உட்காருங்கள்" என்கிறார். பஸ்ஸோ நிறைந்து கிடக்கிறது. அக்கா, ராத்திரி கட்டுவதற்கு வைத்திருந்த பட்டுப்புடவைப் பையை மடியில் இறுக்கிப் பிடித்தபடி, தலைத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தலைநகர் வரைக்கும் வந்தார். முழுக் காசு வாங்கிக்கொண்டு இப்படி ஏற்றி வருவது அநியாயம். ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் பஸ் வந்து நிற்கும் டிபிஎஸ் நிலையத்திலிருந்து எல்ஆர்டி ரயில், ஹங் துவாவில் மோனோரெயில், புக்கிட் பிந்தாங்கில் இறங்கிக் கொஞ்சம் நடந்தால் ஷோ நடந்த பெவிலியன் மால்.

அக்கா எல்பில் தோட்டத்தில் பிறந்தவர். சுங்கை சிப்புட் டவுனில் கடை வைத்து, பள்ளிச் சீருடை, ரவிக்கை, ஹரி ராயா பெருநாளுக்கு மலாய்க்காரர்களுக்கு பாஜு கூரோங் (நீளத் தொளதொள சட்டையும் பாவாடையும்) என்று ஆண்டு முழுக்கத் தைக்கிறார். 2013-இல் தொடங்கிய இந்த ஃபேஷன் வீக்கைப் பற்றி அவருக்கு யாரும் சொன்னதில்லை. அவருடைய அண்ணன் மகள் மேடைக்குப் பின்னால் மாடல்களுக்கு உடை மாற்றிவிடும் வேலை பார்க்கிறாள். அவள் தயவில்தான் நின்று பார்க்க இடம் கிடைத்தது.

வெளியே இருந்த கூட்டமே தனி உலகம். அந்த வெக்கையில் தடித்த கோட்டு, தொடை வரை பூட்ஸ். பதாகைக்கு முன்னால் நின்று ஒரே போஸை மாற்றி மாற்றி எடுக்கிறார்கள். நன்றாக உடுத்திக்கொண்டு வருவது எனக்குப் பிடிக்கும், ரசித்துத்தான் பார்த்தேன். ஆனால் பட்டுப்புடவையோடு நின்ற அக்காவின் கையில் ஒரு பெண் காலி கோப்பையைக் கொடுத்துவிட்டு, முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "விடும்மா, ஷோ தொடங்கப் போகுது" என்று கோப்பையை ஓரமாக வைத்தார் அக்கா. இன்னமும் எனக்கு ஆறவில்லை.

ஃபேஷன் ஷோ என்றால் எந்த ஊரிலும் காத்திருப்பதுதான் நீளம். ஷோ பத்து, பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். முதல் வரிசை பிரபலங்களுக்கும் பத்திரிகைக்காரர்களுக்கும் கடைகளுக்கு வாங்குபவர்களுக்கும். அவர்களில் பாதிப் பேர் போன் திரை வழியாகவே பார்த்தார்கள். கண்ணுக்கு நேரே போகும் துணியைத் திரையில் பார்ப்பதற்கு வீட்டிலேயே இருக்கலாமே!

அக்கா பார்த்தது வேறு. ஒரு நவீன பாஜு கூரோங் வந்தது. கைதட்டல். அக்கா தட்டவில்லை. "அக்குள்ல கெக்கெக் வைக்கல. கையத் தூக்கட்டும் பாரு." மாடல் திரும்பும்போது கையைத் தூக்கினாள், சட்டை முழுக்க மேலே ஏறியது. அந்தச் சின்னச் சதுரத் துண்டை அக்குளில் வைத்துத் தைத்தால்தான் கை தாராளமாகப் போகும். அடுத்து வந்த, ஜரிகை இழையோடு நெய்த சொங்கெட் துணிச் சட்டையில், பக்கத் தையல் வரும் இடத்தில் ஜரிகைப் பூ வெட்டுப்படாமல் பூவோடு பூ சேர்ந்திருந்தது. அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினார். அதற்கு எவ்வளவு துணி கூடுதலாகச் செலவாகும் என்று வெட்டியவருக்குத்தான் தெரியும்.

ஷோ முடிந்ததும் அக்காவின் அண்ணன் மகள் எங்களை மேடைக்குப் பின்னால் அழைத்துப்போனாள். கம்பிகளில் உடைகள், ஒவ்வொன்றிலும் எண்ணும் மாடலின் படமும், கீழே அவளுக்கான செருப்பு. ஒரு நிமிடத்துக்குள் உடை மாற்ற வேண்டுமாம். தெலுக் பெலாங்கா என்ற, காலர் இல்லாத வட்டக் கழுத்து வைத்த ஒரு வெள்ளைச் சட்டையை அக்கா கேட்டுவிட்டுத் தொட்டார். கழுத்து விளிம்பு முழுக்க துலாங் பெலுட் தையல்: நூலை நெருக்கி நெருக்கிக் கையாலேயே தைத்துக்கொண்டு போவது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இது மிஷின் இல்ல, கை. நானும் இப்படித்தான் போடுவேன்." இரண்டு தடவை சொன்னார். அக்கா தைத்த கழுத்துகளை நான் பார்த்திருக்கிறேன். சத்தியமாக அதே தரம்.

கிளந்தானில் குவாலா கிராய் மளிகைக் கடைக்காரர் மகனான ஆடை வடிவமைப்பாளர் ஜாங் தோய், 1989-இல் நியூயார்க்கில் தன் பெயரில் உடை நிறுவனம் தொடங்கி அந்த ஊர் ஃபேஷன் வீக் வரை போனவர். சின்ன ஊர் ஒரு குறையே இல்லை. நம் டவுன்களில் இருக்கும் தையல்காரர்களுக்கு இந்த வாசலைக் காட்ட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ராத்திரி கோலாலம்பூரிலேயே இருக்கும் பிரிக்ஃபீல்ட்ஸ் போக ஒரு டாக்சிக்காரர் மீட்டர் போட மாட்டேன் என்று நாற்பது வெள்ளி (ரிங்கிட்) கேட்டார். பக்கத்து ஊருக்கா போகிறோம்? இறங்கிவிட்டோம். மோனோரெயிலில் பிரிக்ஃபீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரல் வரை சில வெள்ளியில் முடிந்தது. மிச்சப் பணத்துக்கு மறுநாள் மத்தியானம் வாழை இலைச் சாப்பாடு: மொறுமொறு பாகற்காய், நண்டுக் குழம்பு, சோறு கேட்கக் கேட்கப் போட்டார்கள். ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்தேன். இந்தப் பயணத்தில் கொடுத்த காசுக்கு முழுசாகக் கிடைத்தது அந்தச் சாப்பாடுதான்.

ஊர் திரும்பியதும் கடையில் ஒரே கூட்டம். ரவிக்கை வாங்க வந்தவர்கள், கேள்விப்பட்டு வந்த பக்கத்துக் கடைக்காரர்கள் என்று எல்லோரும் போட்டோ கேட்டார்கள். அக்கா காட்டியதெல்லாம் கழுத்தும் அக்குளும் விளிம்பும். யார் அணிந்திருந்தார்கள் என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. கூலி அட்டையிலும் கீழே ஒரு வரி சேர்த்துவிட்டார்: கைத்தையல் கழுத்துக்குத் தனிக் காசு. பழைய வாடிக்கைக்காரர் ஒருவர் "இத்தனை வருஷம் சும்மா போட்டுக் கொடுத்தியே" என்று சண்டைக்கு வந்தார். அக்கா அட்டையைக் கழற்றவில்லை. அவரும் முணுமுணுத்துக்கொண்டே துணியைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.