கோடை விடுமுறையில் பரண் ஒழிப்பு: இதுவரை நடந்தது

பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டதும் வீட்டை ஒழித்துவிட வேண்டும் என்று வருடாவருடம் கிளம்புவேன். இந்த முறை ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். வெயில் ஏறும்வரைதான் வேலை. அதற்குமேல் புதிதாக ஒரு பெட்டியும் திறக்கக் கூடாது. மிச்ச நேரமெல்லாம் பிள்ளைகளுடையது.

எதில் தொடங்குவது என்பதில், வீட்டை ஒழுங்காக வைப்பது பற்றிப் புத்தகம் எழுதிப் புகழ்பெற்ற ஜப்பானியர் மாரி கோண்டோ சொல்லும் வரிசை பலருக்கும் தெரிந்திருக்கும்: துணி, புத்தகம், காகிதம், மற்ற சாமான்கள், எல்லாவற்றுக்கும் கடைசியில் நினைவுப் பொருட்கள். சுலபமானவற்றில் முடிவெடுத்துப் பழகிவிட்டு, மனசு கேட்காதவற்றுக்குப் பிறகு வரலாம் என்பது அதன் நியாயம். தனியாக ஒழிப்பவர்களுக்கு அது சரி. பிள்ளைகள் சுற்றி இருக்கும் வீட்டில் நான் அதைத் தலைகீழாகப் போட்டேன். துணி மடிக்கக் கூப்பிட்டால் இரண்டு பேரும் காணாமல் போவார்கள். போட்டோ பெட்டியை இறக்கினால் கூப்பிடவே வேண்டியதில்லை.

பரணிலிருந்து வந்த ஆல்பங்களில் பாதி, பசை தடவிய அட்டைமேல் பிளாஸ்டிக் தாள் மூடும் வகை. வருடங்கள் போனால் அந்தப் பசை பழுத்து மஞ்சளாகி, படத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிய்த்தால் படம் கிழியும். பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே விட்டு, ரம்பம்போல மெதுவாக இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடுகிறது. வராததை வற்புறுத்தாமல் பக்கத்தோடு அப்படியே ஸ்கேன் செய்துவிட்டோம். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். 4க்கு 6 அங்குலப் படம் 2400க்கு 3600 பிக்சலாக வரும். பின்னாளில் இரண்டு மடங்கு அளவில் அச்சிட்டாலும் தெளிவு குறையாது. மங்கலானவை, ஒரே மாதிரி இருப்பவை, யாருமே இல்லாத மலையும் மரமும், இவை கழிந்தன. பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். அதனால் பெயர்களை உறைமேல் எழுதி, படங்களை உள்ளே வைத்தோம்.

பெயர்கள் அத்தைக்கு, அதாவது பிள்ளைகளின் பாட்டிக்குத்தான் தெரியும். “பாட்டி, இந்தக் குட்டைப் பாவாடை யாரு?” என்று சின்னவள் கேட்க, “உங்கப்பாவோட அத்தைதான். அன்னிக்கு அவ அழுத அழுகைக்கு போட்டோகாரரே போயிடறேன்னு சொல்லிட்டார்” என்று ஆரம்பித்தால், அன்றைய வேலை அதோடு சரி. பெரியவன் தானாகவே போனில் பாட்டியின் குரலைப் பதிவு செய்யத் தொடங்கினான். ஒழிப்புக் கணக்கில் பார்த்தால் ஆமை வேகம். எனக்கு அதில் வருத்தமே இல்லை. மாரி கோண்டோவே மூன்றாவது குழந்தைக்குப் பிறகு வீட்டை ஒழுங்காக வைப்பதை ஓரளவு விட்டுவிட்டதாகவும், பிள்ளைகளோடு இருப்பதுதான் இப்போது முக்கியம் என்றும் 2023இல் சொன்னார். அவரைப் படித்துவிட்டு டப்பாக்களாக வாங்கிக் குவித்தவர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும்!

பொம்மைகள் அடுத்து. “எதைத் தூக்கிப் போடலாம்?” என்று கேட்டால் எந்தக் குழந்தையும் எதையும் தராது. ஆளுக்கொரு கூடை கொடுத்து, “இதில் அடங்குவதெல்லாம் உன்னுடையது” என்றேன். பேரம் நடந்தது, கொஞ்சம் கண்ணீரும். ஆனால் தேர்ந்தெடுத்தது அவர்கள். அவர்கள் தூங்கும்போது எடுத்து ஒளித்துக் கொடுத்துவிடும் வழி எனக்குப் பிடிக்காது. அப்புறம் நம் கையில் பை இருந்தாலே சந்தேகப்படுவார்கள்.

பொம்மைகளின் பேட்டரி அறையை மட்டும் பெரியவர்கள் திறப்பது நல்லது. வெள்ளையாகப் பூத்திருந்தால் அல்கலைன் பேட்டரி கசிந்திருக்கிறது. அந்தக் காரம் தோலை அரிக்கும். கையுறை போட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும். வட்டமான பட்டன் பேட்டரிகளை உடனே எடுத்து இரண்டு பக்கமும் டேப் ஒட்டி அகற்றிவிட்டேன். குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடக்கூடியது அது.

காகிதங்களை, எல்லோரும் எழுவதற்கு முன் தனியாகப் பார்த்தேன். அதில் யாருக்கும் கதை இல்லை. பளபளப்பான தாளில் அச்சான ரசீதுகள் வெப்பத்தில் சீக்கிரம் அழிந்துவிடும் என்பதால், உத்தரவாதம் இருக்கும் பொருட்களின் ரசீதுகளை மட்டும் படம் எடுத்து வைத்தேன்.

இன்றைய நிலவரம்: பரணில் பாதி காலி. பொம்மைகள் முடிந்தன. இன்னும் ஒரு பெட்டி ஆல்பம் இருக்கிறது, அத்தைக்குத் தோது வரும்போது இறக்குவோம். துணி அலமாரியில் கையே வைக்கவில்லை. பள்ளி திறந்தபின் அதை நானே பார்த்துக்கொள்கிறேன். அதற்கு யாரும் கூட உட்காரப் போவதில்லை.