அளந்தவனின் மலைக் குறிப்புகள்

2023 பிப்ரவரி 11, சனி

காரமடையிலிருந்து பில்லூர் பக்கம் ஏறும் காலை பஸ். முப்பத்திரண்டு ஆண்டுகள் நில அளவராக இருந்தவனுக்கு ஜன்னலோர சீட்டு கிடைத்தாலும் கண் எல்லைக் கற்களைத்தான் தேடுகிறது. இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தால் இருளர் பதி, அதாவது இருளர் பழங்குடியினரின் குடியிருப்பு. ஊர்ப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மனு இன்னும் போய்ச் சேரவில்லை.

என்னை அழைத்த காரணம்: வன உரிமைச் சட்டம், 2006இன் கீழ் படிவம் சி. படிவம் ஏ என்பது ஒரு குடும்பம் உழுகிற, குடியிருக்கிற நிலத்துக்கு. சி அப்படியல்ல, பதியின் வழிவழியான காடு முழுவதையும் காக்கவும் ஆளவும் ஊருக்கே உள்ள உரிமையைக் கேட்பது. அதற்கு எல்லை காட்டும் வரைபடம் வேண்டும்.

பதியின் தலைவரான மூப்பர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்கள் அளக்கிற ஆளா, சார்?"

"ஆமாம் மூப்பரே."

"முன்னாலும் வந்து அளந்தார்கள். அளந்து முடித்தபோது நாங்கள் கோட்டுக்கு வெளியே இருந்தோம்."

எனக்குப் பதில் வரவில்லை. ராகிக் களியும் அவரைக் குழம்பும் கொடுத்தார்கள். இரண்டாம் உருண்டையையும் மறுக்கவில்லை.

பிப்ரவரி 28, செவ்வாய்

வீட்டிலேயே இருந்து பழைய சட்டங்களைப் புரட்டினேன். 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம்: ஒரு காட்டைக் காப்புக்காடாக்கும் முன் அறிவிப்பு வெளியாகும், உரிமை உள்ளவர் கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும், சொல்லாதவர் உரிமை அற்றுப்போகும். மலையில் கிழங்கு தோண்டித் தின்றுகொண்டிருந்தவருக்கு யார் போய் வாசித்துக் காட்டியிருப்பார்கள்?

2006 சட்டத்தின் முகப்புரை இதை 'வரலாற்று அநீதி' என்றே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பிறகும் அவசரம் இல்லை. உயர் நீதிமன்றத்தின் 2008 இடைக்கால உத்தரவால் தமிழ்நாட்டில் உரிமைப் பத்திரம் கொடுப்பது நின்றுபோய், 2016இல் உச்ச நீதிமன்றம் அதை விலக்கிய பிறகுதான் வழி திறந்தது. மூன்றாண்டு கழித்து இன்னொரு கலக்கம். கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொல்லி 2019 பிப்ரவரி 13 அன்று உத்தரவு வந்தது. நாடு முழுவதும் எதிர்ப்பு எழ, 28ஆம் தேதி அதே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. இதே தேதி என்பதால் நினைவு வந்தது. நடுவிலிருந்த அந்தப் பதினைந்து நாளும் பதியில் யாரும் விதைச் சாமையைக் கூட வெளியே எடுக்கவில்லையாம். மூப்பரின் மகள் சொன்னது.

மார்ச் 5, ஞாயிறு

எல்லை நடை. மூப்பர், ஊர்க் காரியங்களில் அவருக்குத் துணையான வண்டாரி, வன உரிமைக் குழுவிலிருந்து ஐந்து பேர், எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, கையில் ஜிபிஎஸ் கருவியோடு நான்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது 66 அடிச் சங்கிலி. இழுக்க ஆள் வேண்டும். இந்தக் கருவிக்கு ஆள் வேண்டாம், வானம்தான் வேண்டும். பள்ளத்துக்குள் இறங்கியதும் செயற்கைக்கோள் கிடைக்காமல் முழித்தது. பாட்டி முழிக்கவில்லை. "இந்தப் பள்ளத்தோடு போய், தேன்பாறை நிழல் விழுகிற இடத்தில் மேலே ஏற வேண்டும்" என்றார். நிழல் எத்தனை மணிக்கு விழும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, இறங்கி வரும்வரை அதையே சொல்லிச் சிரித்தார்கள்.

சீமாறுப் புல் அறுத்த சரிவு என்று காட்டிய இடத்தில் இப்போது உண்ணிச்செடிதான். சட்டைக் கையைக் கிழித்துவிட்டது. அதற்கு மேலே பாதையில் யானை லத்தி. பாட்டி கால் விரலால் தொட்டுப் பார்த்தார். சூடு. யாரும் ஒன்றும் பேசாமல் திரும்பினோம். மீதி எல்லை அடுத்த வாரம்.

மார்ச் 6, திங்கள்

உள்ளங்காலில் முள். மனைவி ஊசியால் எடுத்தாள். வேறொன்றும் இல்லை.

மார்ச் 19, ஞாயிறு

2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே காட்டில் இருப்பதற்குச் சான்று வேண்டும். காகிதம் மட்டும்தான் சான்று என்று என் பழைய உத்தியோகம் பழக்கியிருந்தது. விதி 13 அதைவிடப் பரந்த மனசுக்காரரால் எழுதப்பட்டது போலிருக்கிறது: கிணறு, இடுகாடு, வழிபாட்டிடம், மனுதாரர் அல்லாத முதியவரின் வாக்குமூலம் எல்லாம் சான்றே.

எனவே இறந்தவர்களுக்கான கற்களை வைக்கும் கொப்பமனைக்குப் போனோம். குனிந்து நுழையும் தாழ்ந்த கூரை. உள்ளே வரிசையாகக் கூழாங்கற்கள், இறந்தவருக்கு ஒன்றாக வைத்தவை. முன்வரிசைக் கற்கள் எண்ணெய் ஏறிப் பளபளத்தன. பின்னால் போகப் போகப் புழுதி. பழக்க தோஷத்தில் எண்ண ஆரம்பித்தேன். நாற்பதைத் தாண்டியபோது மூப்பர் தோளைத் தொட்டார்.

"ஆட்களை எண்ணக் கூடாது, சார்."

நிறுத்திவிட்டேன். உங்கள் அப்பா எது என்று கேட்டதற்கு யோசிக்காமல் ஒன்றைக் காட்டினார். பக்கத்துக் கற்களுக்கும் அதற்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சான்றுப் பட்டியலில் எண்ணிக்கைக் கட்டத்தை வெறுமையாக விட்டு, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் குறித்தேன்.

ஏப்ரல் 2, ஞாயிறு

கிராம சபை. பதியில் பெரியவர்கள் 94 பேர். பாதிப் பேராவது வர வேண்டும். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்க வேண்டும். பதினொரு மணிக்கு 38 பேர்தான். மற்றவர்கள் கீழே வாழைத் தோட்டத்தில் கூலிக்கு. ஞாயிறு என்றால் தோட்டக்காரருக்கு விடுமுறையா என்ன? ஒரு மணிக்கு மேல் தார் சுமந்த தோளோடு வந்தார்கள். 51 ஆயிற்று, அதில் 29 பெண்கள்.

தீர்மானத்தைப் படித்து முடித்ததும் ஒரு முதியவர் எழுந்தார். "நம் காட்டுக்கு நாமே மனுப் போடுவதா?" உட்கார்ந்துவிட்டார். இதைப் பதிவேட்டில் எழுத வேண்டாம் என்றான் கல்லூரி போகும் பையன். எழுதத்தான் வேண்டும் என்றேன் நான். எழுதினோம். கைநாட்டு வைத்தவர்களில் கடைசி ஆள் அவர்தான்.

ஏப்ரல் 12, புதன்

உட்கோட்டக் குழுவுக்கு மனு. அலுவலகப் பெயர் எதற்கு? சர்வே எண் இல்லை என்று முதலில் திருப்பினார்கள். இந்தப் படிவத்துக்கு அது கட்டாயமில்லை என்று சொல்லி, வாங்க மறுப்பதை எழுதித் தந்தால் திரும்பிப் போகிறேன் என்றேன். இரண்டு மணி நேரம் பெஞ்சு. பிறகு முத்திரை விழுந்தது. என் காலத்தில் நானும் இப்படிப் பலரை உட்கார வைத்திருக்கிறேன்.

மே 19, வெள்ளி, அமாவாசை

மனு பற்றி ஒரு தகவலும் இல்லை. கடுக்காயை இப்போதும் வியாபாரி வைத்த விலைக்குத்தான் போடுகிறார்கள். உரிமை வந்துவிட்டால் தேனோ கடுக்காயோ கீழே இறக்கப் போக்குவரத்துச் சீட்டைக் கிராம சபையின் குழுவே தரலாம், 2012 திருத்தத்தில் இருக்கிறது என்றேன். "அந்தச் சீட்டு என்ன நிறம்?" என்றார் மூப்பர். நிறம் சட்டத்தில் இல்லை. மஞ்சள் என்று அவரே முடிவு செய்துவிட்டார்.

இன்றிரவு தேன்பாறையில் தேன் எடுப்பு. கொடி ஏணியில் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மைத்துனன்தான் காக்க வேண்டும். தங்கையையோ அக்காவையோ விதவையாக்க எவனுக்கும் மனம் வராது. அந்த மைத்துனன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். லீவு கிடைக்குமா என்று நான்கு நாளாகப் பேச்சு. கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினான், காலில் புது ஷூவோடு. அதைக் கழற்றி மூப்பர் வீட்டுத் திண்ணையில் வைத்தான்.

நானும் ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டேன்.

"இறங்குகிறவன் உங்களுக்கு மச்சானா?" என்றார் பாட்டி.

தகர டின்னை என்னிடம் கொடுத்தார்கள்.