ஜல்லியில் நான்கு முட்டைகள்

"உங்களுக்குத் தெரியாததா, அண்ணே?" அன்று காலை நான் சொன்னது இவ்வளவுதான். இதை உத்தரவு என்று யாராவது சொல்ல முடியுமா? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை எனக்கு நானே கேட்டு, முடியாது என்று நானே தீர்ப்பும் சொல்லி வருகிறேன்.

விமான நிலைய ஓடுபாதை ஓரத்து ஜல்லியில் ஆட்காட்டிப் பறவை முட்டை வைத்திருந்தது. அது கூடு என்று எதையும் கட்டாது. தரையில் ஒரு சிறு குழி போதும். முட்டையும் கல் நிறம்தான். பட்டாசும் கையுமாக நாள் முழுக்கப் பறவை விரட்டும் ஆந்திராவின் நகரிப் பக்கத்துப் பெரியவரின் கண்ணில்தான் அதெல்லாம் படும். வாக்கிடாக்கியில் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவ்வளவு தூரம் வெயிலில் நடந்து வந்து, "சார், நாலு முட்டை இருக்கிறது. என்ன செய்யட்டும்?" என்று தணிந்த குரலில் கேட்டார். நான் மேற்படி பதிலைச் சொன்னேன்.

மறுநாள் ஆய்வுக்கு ஜீப்பில் போனபோது குழி மட்டும் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பதிவேட்டில் 'பறவை நடமாட்டம் குறைவு' என்று எழுதினேன். அது பொய்யும் இல்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்பதற்குத் தரும் விளக்கத்தில், காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும் கூட்டைக் கலைப்பதும் அடக்கம். துப்பாக்கியே தேவையில்லை. பயிற்சி வகுப்பில் மற்றவர்களுக்கு இதை எடுத்துச் சொன்னவனே நான்தான். வனத்துறைக்கு எழுதிக் கேட்டிருக்கலாம். ஆனால் அடைகாப்பது ஏறக்குறைய நான்கு வாரம். கோப்பு அதைவிட மெதுவாக நகரும். பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சுகள் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும். அவற்றுக்கு ஓடுபாதை எது, புல்தரை எது என்று யார் சொல்வது? தாயும் தகப்பனும் மேலே கத்திக்கொண்டு வட்டமடிக்கும் நேரத்தில் 70 பேருடன் ஏடிஆர் விமானம் இறங்கும். பறவை 200 கிராம்தான் இருக்கும். ஆனால் நம் நாட்டு விமான நிலையங்களில் அடிக்கடி மோதும் பறவைகளில் அதுவும் ஒன்று. நான் செய்தது சரி.

பாருங்கள், 'நான் செய்தது' என்று எழுதிவிட்டேன். செய்தவர் அவர். செய்தாரா என்பதுகூட எனக்குத் தெரியாது. கீரி தின்றிருக்கலாம்.

அந்த ஜல்லி எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முந்தைய வருடம் மழைநீர் தேங்கிக் கொக்கும் நாரையும் வருகின்றன என்று பள்ளங்களை நிரப்பச் சொல்லிக் குறிப்பு எழுதியது நான். கொக்குகள் போயின, ஆட்காட்டிகள் வந்தன. பறவையை விரட்டப் போய்ப் பிரசவ அறை கட்டிக் கொடுத்திருக்கிறேன். இத்தனைக்கும் 10 கிலோமீட்டர் சுற்றளவில் இறைச்சிக் கழிவு கொட்டக் கூடாது என்று 1937ஆம் ஆண்டின் விமான விதிகளைக் காட்டிக் கோழிக்கடைக்காரர்களோடு மல்லுக்கு நிற்பவனும் நான்தான். சுற்றுச்சுவருக்கு வெளியே சட்டம் எனக்கு மனப்பாடம்.

முட்டை பறிபோனால் ஆட்காட்டி மறுபடி இடும். இட்டது. ஒரு மாதத்துக்குள், அதே ஜல்லியில், சற்றுத் தள்ளி. இந்த முறை பெரியவர் நடந்து வரவில்லை. "சார், மறுபடி நாலு முட்டை. என்ன செய்யட்டும்?" என்று வாக்கிடாக்கியில் கேட்டார். கோபுரத்தில் இருந்தவர்களும் தீயணைப்பு நிலையத்தில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த 'மறுபடி' யார் காதிலாவது உறுத்தியிருக்குமா?

சிவப்புக் கொடி நட்டு வைக்கச் சொன்னேன். அன்றே வனத்துறைக்குக் கடிதம் எழுதினேன். நேரில் பார்த்தவர் என்று பெரியவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

'முதல் முறையாக' என்று அதில் தெலுங்கில் எழுதியிருந்தேன். அவருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது.