முதல் ஆட்டத்துக்கு எந்த வரைபடம்?

கோபிசெட்டிபாளையத்தில் படிக்கும் என் அக்கா மகன் அண்மையில், ஒரு நாட்டை வளர்த்தெடுக்கும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6 ஆடத் தொடங்கியிருக்கிறான். ஆட்டம் தொடங்கும் முன் வரும் வரைபட அமைப்புகளைப் பார்த்துத் திகைத்து, எதை வைப்பது என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைப் புதிதாக ஆட வருகிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் ஆட்டத்துக்குப் பாஞ்சியா என்ற வரைபட வகையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. எல்லா நாடுகளும் ஒரே பெருநிலத்தில் இருப்பதால், அண்டையில் இருப்பவர் யார், அவரோடு வணிகமா போரா என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். நிலம் தனித்தனிக் கண்டங்களாக இருக்கும் காண்டினென்ட்ஸ் வகையில், கார்ட்டோகிராஃபி என்ற தொழில்நுட்பத்தைக் கற்கும்வரை கப்பல்கள் ஆழ்கடலைக் கடக்க முடியாது என்பதால், நெடுநேரம் மறுகரை நாடுகளைக் காணாமலே ஆட நேரும். தீவு வரைபடங்கள் கடற்படை பழகிய பிறகு போதும்.

அளவில் ஸ்மால் போதுமானது. அதில் 6 நாடுகள் இருக்கும், ஹியூஜில் 12. இத்தனை பேர் நகர்வதற்குக் காத்திருப்பதிலேயே கடைசிக் கட்டத்தில் பொழுது போய்விடும். ஓர் ஆட்டத்தை முடிவுவரை ஆடிப் பார்த்தவருக்குக் கிடைக்கும் தெளிவு, பாதியில் விட்ட பல ஆட்டங்களில் கிடைப்பதில்லை.

உலகின் வயதை நியூ என்று வைக்கலாம். மலைகளும் குன்றுகளும் மிகுதியாக வரும். குன்றுகள் உற்பத்தியைக் கூட்டும், மலையை ஒட்டிக் கட்டும் கேம்பஸ் என்ற கல்வி வளாகம் அறிவியலைக் கூட்டும். மழைப்பொழிவை ஸ்டாண்டர்டிலேயே விட்டுவிடுங்கள். வெட் என்று வைத்தால் காடும் சதுப்பும் பெருகும். காட்டை வெட்ட மைனிங், மழைக்காட்டை அழிக்க பிரான்ஸ் வொர்க்கிங் (வெண்கல வேலை), சதுப்பை வற்றடிக்க இரிகேஷன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொழில்நுட்பம் வேண்டும்.

எந்த அமைப்பை வைத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான். ஆற்றையோ ஏரியையோ ஒட்டிய நகரம் 5 ஹவுசிங்குடன், அதாவது மக்கள் தங்குவதற்கான இட அளவுடன், தொடங்கும். கடலோரம் மட்டும் என்றால் 3, இரண்டும் இல்லையென்றால் 2. ஹவுசிங் நிறையும் நிலையில் மக்கள்தொகை வளர்வது மந்தமாகிவிடும் என்பதால், நன்னீர் இல்லாத நகரம், நீரைக் கொண்டுவரும் அக்விடக்ட் கட்டும்வரை தவித்துக்கொண்டே இருக்கும். கொடிவேரி அணையிலிருந்து தடப்பள்ளி வாய்க்கால் பாயும் கோபி வயலுக்கும், மழையையும் கிணற்றையும் நம்பிய மேட்டாங்காட்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டு வளர்ந்த நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நகரை நிறுவும் செட்டிலரைத் தேர்ந்தெடுத்தவுடன் கட்டங்களில் நிறம் விழும். அடர்பச்சை நன்னீரைக் குறிக்கும். தொடங்கிய இடத்தில் அது இல்லாவிட்டால், ஓரிரு சுற்று நடந்து சென்று நகரை அமைப்பதே நல்லது.

இன்னொன்று, மேம்பட்ட அமைப்புகளில் வரைபட சீடு என்ற எண் இருக்கும். அதைக் குறித்துவைத்து, வகையும் அளவும் மற்ற அமைப்புகளும் மாறாமல் மீண்டும் இட்டால் அதே நிலப்பரப்பு கிடைக்கும். இரண்டாம் ஆட்டத்தை அந்த நிலத்திலேயே ஆடிப் பாருங்கள். ஆறும் கணவாயும் எங்கே என்று முன்பே தெரிந்திருப்பதால், நகரை எங்கே வைத்தால் என்ன ஆகும் என்பதை மட்டும் ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.