ஏரி கோடி போகும் வழி

உதவிப் பொறியாளராகப் பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில், வட மாவட்டம் ஒன்றில் ஒரு மாவட்ட இதரச் சாலையை ஒற்றைத் தடத்திலிருந்து இடைநிலைத் தடமாக, அதாவது 3.75 மீட்டரிலிருந்து 5.5 மீட்டராக, அகலப்படுத்தும் பணி என்னிடம் வந்தது. ஏரிக்கரைக்குக் கீழே வயல்களுக்கு நடுவில் செல்லும் அந்தச் சாலை மழைக்காலத்தில் சேறாகிவிடும் என்பதால், அதன் மட்டத்தை உயர்த்தி, வரைபடத்தில் வாய்க்கால் காட்டப்பட்டிருந்த இடங்களிலெல்லாம் குழாய்ச் சிறுபாலங்கள் வைத்து மதிப்பீடு தயாரித்தேன். கணக்கில் பிழை இல்லை. மேலதிகாரிகளும் ஒப்புதல் அளித்தார்கள். ஆனால் ஏரி நிரம்பிக் கோடி போகும்போது, அதாவது உபரிநீர் வெளியேறும்போது, அது எந்த வாய்க்காலிலும் அடங்காமல் வயல்வெளி முழுவதும் பரவி, தாழ்ந்திருந்த பழைய சாலையின் மேலேறிக் கடந்துதான் அடுத்த ஏரிக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதை எந்த வரைபடமும் எனக்குச் சொல்லவில்லை. புதிய சாலை போட்ட முதல் பருவமழையிலேயே, நான் உயர்த்திய மண்கரை ஓர் அணையைப் போல நின்று, மேற்புறத்துக் குடியிருப்பில் இரண்டு நாள் தண்ணீரைத் தேக்கி வைத்தது.

சாலையை வெட்டி நீரை வடியவிட்ட அன்று, அந்த ஏரியின் நீர்க்கட்டியாக, அதாவது வயல்களுக்கு நீரைத் திறந்து பங்கிடுபவராக, இருந்த பெரியவர் என் அருகில் வந்து நின்றார். "ஏரி கோடி போனா தண்ணி இந்தப் பக்கந்தான் சார் வரும். வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்ன ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை என்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. வெட்டிய இடத்தில் பின்னர் அகலமான பெட்டிச் சிறுபாலம் கட்டினோம். முதலிலேயே கட்டியிருக்க வேண்டிய பாலம் அது.

எங்கள் பணியில் மக்கள் பேச்சுக்கு வருவது பெரும்பாலும் மிகவும் தாமதமாகத்தான். அளவெடுத்து, சாலை செல்லும் பாதையான நேர்பாடு முடிவாகி, மதிப்பீடும் தொழில்நுட்ப ஒப்புதலும் முடிந்து, நிலம் எடுப்பதற்கான அறிவிப்பு கைக்குக் கிடைக்கும்போதுதான் ஊருக்குச் சாலை வரப்போகும் செய்தியே தெரிகிறது. அதற்குள் வரைபடத்தின் கோடு இறுகிவிட்டிருக்கும். அதன்பிறகு ஊரார் சொல்வதெல்லாம் 'ஆட்சேபணை' என்ற பெயரில்தான் கோப்பில் ஏறும். அவர்கள் சொல்வதில் பெரும்பகுதி ஆட்சேபணையே அல்ல, தகவல். அதனால் அந்த மழைக்குப் பிறகு ஒரு வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன்: அளவைக் கருவி இறங்குவதற்கு முன்பே, சாலைப் பணியாளரையும் ஊரின் நீர்க்கட்டியையும் கூட்டிக்கொண்டு சாலை முழுவதையும் ஒருமுறை நடந்துவிடுவது.

அப்படி நடந்ததால் மாறிய வடிவமைப்புகளில் என் மனதுக்கு நெருக்கமானது, ஒரு மாநில நெடுஞ்சாலையின் வளைவு. உட்பக்கம் புளியமரங்கள், அவற்றை ஒட்டிக் குளக்கரை. வெளிப்பக்கம் அரசுப் புறம்போக்கு. சாலை வடிவமைப்புக்கு விதி வகுக்கும் இந்தியச் சாலைப் பேராயத்தின்படி சமவெளியில் மாநில நெடுஞ்சாலைக்கு வழக்கமான வடிவமைப்பு வேகம் மணிக்கு 100 கிலோமீட்டர். அதற்கு வளைவின் ஆரம் 360 மீட்டர் வேண்டும். அந்த ஆரத்தில் வரைந்தால் சாலை உட்பக்கம் நகர்ந்து, மரங்கள் அத்தனையும் போய், குளக்கரையும் வெட்டுப்படும். ஆனால் அதே விதிகள், இடத்தின் நிலைமை கோரினால் வேகத்தை 80 ஆகவும் ஆரத்தை 230 மீட்டராகவும் குறைத்துக்கொள்ள இடம் தருகின்றன. வளைவைத் தாண்டிய உடனே பள்ளிக்கூடமும் ஊரும் இருந்தன. அங்கே 100 கிலோமீட்டர் வேகத்தில் எந்த வாகனமும் வந்து சேரவே கூடாது. ஆகவே குறைந்த வேகத்துக்கே வடிவமைத்து, அகலப்படுத்துதல் முழுவதையும் புறம்போக்குப் பக்கம் தள்ளி, ஊர் எல்லைக்கு முன்பே வேகம் தணியும்படி எச்சரிக்கைப் பலகைகளும் சாலைக் குறியீடுகளும் அமைத்தோம்.

மரங்களைப் பற்றி நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சாலையோர மரத்தில் மோதி உயிரிழப்பவர்கள் உண்டு. மரம் காக்கும் ஆர்வத்தில் அதை மறைத்துப் பேசுவது அந்தக் குடும்பங்களுக்குச் செய்யும் அநீதி. அந்த வளைவிலும் பார்வைத் தூரத்தை மறைத்த மூன்று மரங்களை நானே குறியிட்டு அகற்றச் செய்தேன். மீதியுள்ளவற்றுக்கும் வாகனங்கள் ஓடும் பரப்புக்கும் இடையே போதிய வெளி கிடைத்தது. ஆண்டுதோறும் அந்தப் புளியமரங்களின் பலன் ஏலத்துக்கு வருவதால், பழம் உலுக்கிக் கொட்டையெடுக்கும் வேலை சில குடும்பங்களுக்குக் கோடைக்கால வருமானம். வெட்டும் மரம் ஒன்றுக்குப் பத்துக் கன்று நட வேண்டும் என்கிறோம். அந்தப் பத்தும் வளர்ந்து காய்க்கும்வரை அவர்கள் என்ன செய்வார்கள் என்ற கேள்வி மதிப்பீட்டின் எந்த இனத்திலும் வருவதில்லை.

ஊருக்குள் வந்தால் கேள்விகள் வேறு. ஒரு பேரூரில் சாலையின் நடுவே தடுப்புச்சுவர் வைக்க வரைந்திருந்தோம். தேர் திரும்பும் முனையில் அது குறுக்கே நிற்கும் என்று வடம் பிடிப்பவர்கள் காட்டிய பிறகு, அந்த நீளத்துக்கு மட்டும் கழற்றி வைக்கக்கூடிய தடுப்புகளாக மாற்றினோம். இன்னோர் ஊரில் பெண்கள், நெல்லும் கேழ்வரகும் காயவைக்க வேறு இடமில்லாததால்தான் சாலையில் பரப்புகிறோம் என்றார்கள். அது விபத்துக்கு வழி என்று பல ஆண்டுகள் எச்சரித்தவன் நான். ஊராட்சியுடன் பேசி அருகிலேயே ஒரு உலர்களம் அமைந்த பிறகு, எச்சரிக்கைக்கே வேலை இல்லாமல் போனது.

இந்தச் சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லெக்சிங்டன், பாரிஸ் என்ற இரு ஊர்களை இணைக்கும் பாரிஸ் பைக் சாலையை நான்கு தடமாக்கும் திட்டம், குதிரைப் பண்ணைகளையும் பழைய கல்வேலிகளையும் அழித்துவிடும் என்ற எதிர்ப்பால் 1979இல் நீதிமன்றத் தடைக்கு உள்ளானது. பின்னர் மக்களோடு பேசி, இரு திசைத் தடங்களையும் நிலத்தின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பத் தனித்தனியே வளைத்து, நடுவிலுள்ள பசும்பரப்பின் அகலத்தை இடத்துக்கு இடம் மாற்றி, சாந்து இல்லாமல் அடுக்கிய கல்வேலிகளை மீண்டும் கட்டி, 2003இல் பணியை முடித்தார்கள். ஒரு சாலைக்காக இத்தனை ஆண்டுகள் காத்திருக்க நம்மால் இயலாது. ஆனால் தொடக்கத்திலேயே பேசியிருந்தால் அவர்களுக்கும் அந்தக் காத்திருப்பு தேவைப்பட்டிருக்காது என்றே நான் கருதுகிறேன்.

சாலை மட்டம் உயர்வது குறித்த என் முதல் பிழை, நகரத் தெருக்களில் வேறு வடிவில் பல ஆண்டுகளாக நடந்துவந்தது. பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டுப் போட்டு, வாசற்படி ஏறி நுழைந்த வீடுகள் படியிறங்கி நுழையும் வீடுகளாயின. மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே மறுதளம் போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியபோது, தாமதமானாலும் சரியான சொல் என்று மகிழ்ந்தேன்.

அண்மையில் ஒரு மழைநாளில் அந்த முதல் சாலைக்குப் போனேன். பெட்டிச் சிறுபாலத்தின் வாயில் அடைத்திருந்த வைக்கோலையும் ஆகாயத்தாமரையையும் ஒருவர் கழியால் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த நீர்க்கட்டியின் மகன். நானும் இறங்கித் தள்ளினேன். நீர் பாய்ந்து ஓடியது, ஆனால் பழைய அளவுக்கு இல்லை. அவர் ஏரிப்பக்கம் கை நீட்டி, புதிதாகக் கல் நட்டிருந்த மனைப்பிரிவு ஒன்றைக் காட்டினார். "இப்ப தண்ணி இங்க வர்றதுக்கு முன்னயே அங்க நின்னுடுது சார்." இருவருமாக அந்த வரப்பில் நடந்து, மண் கொட்டி மூடிய இடங்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தோம்.