ஒன்பது நாள் கொப்பி

2022இல், இலங்கை நெருக்கடியில் தவித்த நேரம், பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண்ணெண்ணெய்கூடக் கிடைக்கவில்லை. அம்மா கொழுந்து பறித்து வாங்கும் சம்பளம் அடகுக்கடை வட்டிக்கே போனது. நான் முன்பள்ளியில் 23 பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து குவைத்துக்கு வீட்டுவேலைக்கு ஆள் தேடி ஓர் ஏஜென்சிக்காரர் வந்தார். முன்பணமும் தருவதாகச் சொன்னார்.

அதே வாரம் பக்கத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், செபக்கூட்டம். வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து, "மகளே, இந்த மாதம் முடியமுந்தி நீ கடல் கடப்பாய், ஆண்டவர் சொல்கிறார்" என்றார். உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்று இரவே பாஸ்போர்ட் செலவைக் கணக்குப் போட்டேன்.

எங்கள் கோயில் உபதேசியாரிடம் சொன்னேன். அவர் அந்த ஊழியக்காரரைக் குறை சொல்லவில்லை. இறைவாக்கை அற்பமாக நினைக்காதீர்கள் என்று தெசலோனிக்கருக்கு எழுதிய பவுல், அந்த மூச்சிலேயே எல்லாவற்றையும் சோதித்துப் பார்க்கவும் சொல்கிறார் என்றார். "அவசரப்படுத்துற சத்தத்துக்கு ஒரு பாயைப் போட்டு உக்கார வை, மகள். ஆண்டவர் சொன்னதுன்னா ஒன்பது நாள் கழிச்சும் அங்கதான் உக்காந்திருக்கும்."

அப்புறம் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கதையைச் சொன்னார். 1521இல் ஸ்பெயினில் பம்ப்ளோனாப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து, லொயோலாவில் வீட்டோடு கிடந்த போர்வீரர். வீரசாகசங்களைக் கற்பனை செய்யும்போது இனிக்கும், முடிந்ததும் மனம் வறண்டுபோகும். புனிதர்களைப் போல வாழ்வதை நினைத்தால் அந்த மகிழ்ச்சி பிறகும் தங்கியது. நினைக்கும்போது வரும் சந்தோஷத்தை விட, நினைத்து முடிந்தபின் எது மிஞ்சுகிறது என்பதை அவர் கவனித்தார். மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில், முன்பு தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதே என்றும் பிற்பாடு எழுதி வைத்தார். என்னைப் பிடித்து நிறுத்தியது இதுதான். முன்பள்ளிக்கு நான் போனதே செபித்து எடுத்த முடிவு. அதை மாற்ற நினைத்ததோ, வட்டிக்கடைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுத இரவில்.

சதா சகாய மாதாவுக்கு நவநாள், அதாவது ஒன்பது நாள் செபம், தொடங்கினேன். அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. ஆளுக்கொரு புத்தி சொன்னால் என் மனதில் ஓடுவது எனக்கே கேட்காது. தினமும் செபம் முடிந்ததும் ஒரு கொப்பியில் எழுதினேன். குவைத்தை நினைத்த நாட்களில் முதலில் பரபரப்பு, புது வீட்டுக் கூரைவரை கற்பனை. பிறகு பிள்ளைகள்மேல் எரிந்து விழுந்திருக்கிறேன். போகாமல் இங்கேயே இருப்பதை நினைத்த நாட்களில் அழுகை, பணத்தைப் பற்றிய பயம். ஆனாலும் நித்திரை வந்தது.

நான் போகவில்லை. மாதம் முடிந்தது. கடன் தீர இன்னும் இரண்டு வருடம் பிடித்தது, கஷ்டப்பட்டோம். என் தோழி இதே மாதிரி செபித்துவிட்டுத்தான் குவைத்துக்குப் போனாள். அவள் எடுத்த முடிவும் சரியென்றே நம்புகிறேன்; அவளுக்குக் கிடைத்த அமைதியை அவள் குரலில் கேட்டிருக்கிறேன்.

இப்போது தங்கச்சிக்குக் கொழும்பில் ஒரு வேலை வந்திருக்கிறது. போன கிழமை என்னிடம் வந்து, "அக்கா, அந்தக் கொப்பியைத் தாங்களேன், வாசித்துப் பார்க்கிறேன்" என்றாள். கொடுக்கவில்லை. டவுனுக்குப் போய் அவளுக்குப் புதுக் கொப்பி ஒன்று வாங்கி வந்தேன்.